கருகல் வாடையும் பழிச் சொல்லும்



வியாபாரிக்குக் கண்ணும் காதும் மட்டும் போதா; மூக்கும் வேண்டும். மிளகாய் வற்றலில் ஈரம் ஏறியிருப்பதையும், அரிசி மூட்டை புழுங்கிப் போயிருப்பதையும், துணிக்கட்டில் பூஞ்சணம் பிடித்திருப்பதையும் நம் முன்னோர்கள் கட்டைப் பிரிக்குமுன்னரே வாடையைக் கொண்டு சொல்லிவிடுவார்கள். அவர்கள் காலத்தில் கம்ப்யூட்டர் இல்லை. இன்றோ நம் கடைகளில் வரவு செலவும், சரக்கிருப்பும், கடன் பாக்கியும் அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கின்றன. அதன் பக்கத்திலிருந்து ஒரு நாள் கருகல் வாடை வந்தால் நாம் செய்ய வேண்டியது என்ன?

இது எலக்ட்ரீஷியனைக் கேட்க வேண்டிய கேள்வியாயிற்றே, இதில் மார்க்கத்திற்கும் ஒழுக்கத்திற்கும் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் கடையில் நடந்த ஒரு சம்பவம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஆயினும் பிறருக்குப் பயன்படுமே என்று எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

சிராங்கூன் சாலையை அடுத்த பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் துணிக்கடை வைத்திருக்கிறேன். இரு புறமும் சுவரோடு சுவராகக் கடைகள்; மேல்மாடியில் வேறு குடும்பங்கள். கல்லாவுக்குப் பின்னால் கணக்கு மேசை, அதன்மேல் கம்ப்யூட்டர், மேசைக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஓர் அலமாரி. இதுதான் இடத்தின் அமைப்பு.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். அஞ்சடியிலிருந்து உள்ளே கால் வைத்ததுமே கருகல் வாடை அடித்தது. கம்ப்யூட்டரின் முன்னே உட்கார்ந்திருந்தவன், ஊரிலிருந்து வந்து எட்டு மாதமே ஆன ஒரு தம்பி. அவனுடைய கைப்பேசி பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"என்னப்பா செய்து வைத்தாய்?" என்றேன்.

"ஒன்றும் செய்யவில்லை, முதலாளி" என்றான்.

கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னேன். சிறிது நேரத்தில் வாடை போய்விட்டது. மறுநாள் காலை பத்து மணி சுமாருக்கு மறுபடியும் வந்தது. பழுது பார்ப்பவரை வரவழைத்தேன். அவர் பெட்டியைத் திறந்து தூசியை ஊதித் தள்ளினார்; விசிறியைத் துடைத்தார்; உள்ளே மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியையும் புதிதாக மாற்றினார். பணமும் கொடுத்தாயிற்று. ஆனால் அன்று அஸருக்குப் பிறகு அதே வாடை!

இனி இது யந்திரத்தின் குற்றமல்ல, இந்தப் பையனின் குற்றமே என்று நான் முடிவு கட்டிவிட்டேன். எங்கேயோ வாங்கிய மலிவுச் சார்ஜரை மாட்டிக் கடையையே கொளுத்தப் பார்க்கிறான் என்று, துணி வாங்க வந்தவர்கள் நிற்கும்போதே சத்தம் போட்டேன். பெர்மிட்டை ரத்துச் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னேன். அவன் சார்ஜரைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான். வாய் திறக்கவில்லை, கண் மட்டும் கலங்கியிருந்தது. அவன் அனுப்பும் பணத்தில்தான் ஊரில் அவனுடைய தாயும் இரு தங்கைகளும் வாழ்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

மூன்றாம் நாள் அவனை மேசைப் பக்கமே நான் விடவில்லை. அப்படியிருந்தும் காலை பத்து மணிக்கு வாடை வந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? வாடிக்கைக்காரர்கள் முகம் சுளிக்கக் கூடாதே என்று இரண்டு ஊதுபத்தியை ஏற்றி வைத்தேன்!

அன்று மாலை நெடுநாள் வாடிக்கையான ஒரு மலாய் மூதாட்டி கடைக்குள் வந்தார். வந்ததும் வராததுமாக, "துணிக்கடையில் ஏன் மீன் வாடை வருகிறது?" என்று மலாயில் கேட்டார். கடையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் அப்போது எந்த வாடையும் தெரியவில்லை. சிரித்து மழுப்பினேன். ஆனால் என் கணக்குப்பிள்ளை சிரிக்கவில்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு, "காக்கா, கெட்டில் கொதிக்கும் நேரத்தில்தானே இது வருகிறது?" என்றார்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அலமாரியை நகர்த்தினோம். சுவரிலிருந்த சாக்கெட் பழுப்பேறி, ஒரு துவாரத்தைச் சுற்றிக் கருகியிருந்தது. அதில் செருகியிருந்த பிளக்கின் ஒரு கால் கறுத்திருந்தது. அந்தப் பிளக்கிலிருந்து போன எக்ஸ்டென்ஷன் பலகையில் கம்ப்யூட்டர், மேசை விசிறி, தேநீர்க் கெட்டில் மூன்றும் சேர்ந்திருந்தன. சாக்கெட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் துணி சுற்றி வரும் அட்டைகள் அடுக்கியிருந்தன.

கெட்டிலை அங்கே கொண்டுவந்து வைத்தது யார்? நான்தான். முழங்கால் வலியால் பின்கட்டுவரை நடக்கச் சோம்பி, இரண்டு மாதத்திற்கு முன் என் கையாலேயே மாட்டினேன்.

அருகில் இருப்பதெல்லாம் காரணம் ஆகாது

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வந்து விளக்கியபோது எல்லாம் தெளிவாயிற்று. ஒரு கம்ப்யூட்டர் சாதாரணமாக நூறு இருநூறு வாட் மின்சாரமே எடுக்கும். 2,200 வாட் கெட்டிலோ, நம் 230 வோல்ட் மின்சாரத்தில் ஒன்பதரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதாவது பத்துக் கம்ப்யூட்டருக்கு மேலான பசி அதற்கு! பிளக் தளர்ந்து, உலோகமும் உலோகமும் சரியாகப் பொருந்தாத இடத்தில் சூடு பிறக்கிறது. மின்சாரம் இரட்டித்தால் அந்தச் சூடு நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் சூடு நூறு மடங்காகும். ஆகவே கம்ப்யூட்டர் மட்டும் ஓடும்போது சும்மா இருந்த அந்தத் தளர்ந்த பிளக், கெட்டில் கொதிக்கும் சில நிமிடங்களில் கருகத் தொடங்கியது.

அப்படியானால் வாடை ஏன் கம்ப்யூட்டரிடமிருந்து வந்தது? கம்ப்யூட்டரின் பின்புறத்து விசிறி சுவர்ப்பக்கம் காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்று சுவரில் மோதி, அங்கிருந்த கருகலையும் அள்ளிக்கொண்டு மேசைக்குத் திரும்புகிறது. கம்ப்யூட்டர் குற்றவாளியல்ல, செய்தியைக் கொண்டுவந்த தூதன். முதல் நாள் அதை அணைத்ததும் வாடை போனதற்குக் காரணம், அந்த விசிறி நின்றதோடு, தேநீரும் அதற்குள் கொதித்து முடிந்திருந்ததுதான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'அல்முன்கித்' என்னும் நூலில், புலன்களை எவ்வளவு நம்பலாம் என்று ஆராய்கிறார்கள். கண்ணுக்கு நிழல் அசையாமல் நிற்பதாகவே தெரிகிறது; ஆனால் பொறுத்திருந்து பார்ப்பவன் அது சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டே இருப்பதை அறிகிறான் என்று எடுத்துக்காட்டுகிறார்கள். மூக்கின் கதையும் இதுவே. ஏதோ கருகுகிறது என்று மூக்கு சொன்னது உண்மை. எது கருகுகிறது, யாரால் கருகுகிறது என்பதை அது சொல்லவே இல்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். புலன் சாட்சி மட்டுமே. சாட்சியையே நீதிபதியாக்கியது என் தவறு.

காலை பத்து மணி, அஸருக்குப் பின் என்று வாடை வந்த வேளைகளை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்திருந்தால், அவை தேநீர் வேளைகள் என்பது இரண்டாம் நாளே விளங்கியிருக்கும். பாக்கி வராத கணக்கை நாள்வாரியாகத் தேடத் தெரிந்த நமக்கு, இது தெரியாத வித்தையா?

சந்தேகம் கூடுமா, கூடாதா?

இங்கேதான் ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி எழுகிறது. அதிகமாகச் சந்தேகப்படுவதைத் திருமறை கண்டிக்கிறது. பிறருடைய குறையைத் துருவித் தேடுவதையும் தடுக்கிறது. அப்படியானால் கருகல் வாடை வந்ததும் ஒவ்வொன்றையும் சந்தேகித்துத் தேடுவது எங்ஙனம் சரியாகும்? சந்தேகமே படாமல் இருந்தால் கடை எரிந்துவிடாதா?

விடை அதே அத்தியாயத்தில் இருக்கிறது. சந்தேகத்தைக் கண்டிக்கும் 'அல்ஹுஜுராத்' என்னும் 49-ஆம் அத்தியாயம்தான், நம்பத்தகாதவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் அதை நன்கு விசாரித்துத் தெளியும்படியும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடாதபடி பார்த்துக்கொள்ளும்படியும் கட்டளையிடுகிறது. ஆராய்தல் கடமை, அவதூறு பாவம். இரண்டுக்கும் இடையிலுள்ள வரப்பு எது என்பதே கேள்வி.

நம் சட்ட மேதைகள் வகுத்த இரண்டு விதிகள் இந்த வரப்பைக் காட்டுகின்றன. ஒன்று, உறுதியாக இருப்பது சந்தேகத்தால் நீங்கிவிடாது என்பது. மற்றொன்று, தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது. ஒரு மனிதன் குற்றமற்றவன் என்பதே அவனுடைய இயல்பான நிலை. தக்க சான்று வரும்வரை வெறும் ஐயம் அதை அசைக்கலாகாது. ஆனால் தீங்கை விலக்க முனைவதற்கு, அது வரக்கூடும் என்ற வலுவான அறிகுறி போதும்.

ஆகவே நான் கண்டுகொண்டது இதுதான்: பொருளைச் சந்தேகத்தின் பேரிலேயே அணைத்துவிடலாம், மனிதனைச் சந்தேகத்தின் பேரில் அணைக்கக் கூடாது. கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிறகு அது குற்றமற்றது என்று தெரிந்தால் திரும்ப மாட்டிவிடலாம். அதற்கு மானமில்லை, அதைப் பெற்ற தாயில்லை. நாலுபேர் முன்னால் ஒரு பிள்ளையைத் திருடனென்றோ பொறுப்பற்றவனென்றோ சொல்லிவிட்டு, பிறகு அந்தச் சொல்லைப் பிடுங்கி எடுக்க முடியுமா? நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். பொருள்களை மெத்தனமாக விட்டுவைத்தேன்; மனிதனிடம் கடுமை காட்டினேன்.

கல்லாவில் ஐம்பது வெள்ளி குறைந்தாலும், ஒரு கட்டுத் துணி காணாமற்போனாலும், பங்காளிகளுக்குள் கணக்கு இடித்தாலும் நாம் செய்வது பெரும்பாலும் இதுவே. அருகில் இருந்தவன் மேல், அதிலும் எளியவன் மேல், பழி போய் விழுகிறது. பெட்டியின் பூட்டையும், ரசீதுப் புத்தகத்தையும், நம் சொந்த மறதியையும் முதலில் சோதிப்பவர்கள் மிகச் சிலரே.

மரத்துப்போகும் மூக்கு

மலாய் மூதாட்டிக்குத் தெரிந்த வாடை எங்களுக்கு ஏன் தெரியவில்லை? மனித மூக்கு ஒரே வாடையைத் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடங்களில் அதற்குப் பழகி, உணர்வதை விட்டுவிடுகிறது. வாடை போய்விடவில்லை, மூக்கு கைவிட்டுவிட்டது, அவ்வளவே. வெளியே சென்று நல்ல காற்றை வாங்கிவிட்டு வந்தால் மறுபடியும் தெரியும்.

மனச்சாட்சியும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அளவில் சிறிது குறைப்பது, வேலையாட்களின் சம்பளத்தை இழுத்தடிப்பது, பழைய சரக்கைப் புதிதென்று விற்பது ஆகியவை முதல் நாள் கருகல் வாடை போல் உறுத்தும். பத்தாம் நாள் ஒன்றும் தெரியாது. அப்போது வெளியிலிருந்து வருபவன்தான் சொல்ல வேண்டும். அவன் சொல்லும்போது நாம் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஊதுபத்தி ஏற்றி மூடவும் கூடாது.

இதைவிட வேதனையான ஒன்றும் பின்னர் தெரிய வந்தது. அந்தத் தம்பி என்னைவிட இரண்டு நாள் முன்பே வாடையை உணர்ந்திருக்கிறான். "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொன்னால் நான்தான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்பீர்களோ என்று பயந்தேன், முதலாளி" என்றான். அவன் பயந்தபடியேதான் நான் நடந்துகொண்டேன்! முதலாளியின் கோபத்துக்கு அஞ்சி வேலையாள் வாய் மூடியிருக்கும் கடையில், நெருப்புக்கு முன்னறிவிப்புக் கிடையாது. பழி போடும் பழக்கம் பாவம் என்பதோடு, ஆபத்தும் ஆகும்.

ஒரு சுவர், பல குடும்பங்கள்

என் கடை, என் துணி, எரிந்தால் எனக்குத்தானே நஷ்டம் என்று ஒருவர் சொல்லலாமா? கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள், தண்ணீருக்காக மேலே ஏறுவது சிரமமாயிருக்கிறதென்று தங்கள் பகுதியில் ஓட்டை போட நினைத்ததையும், மேல்தளத்தார் அதைத் தடுத்தால் அனைவரும் தப்புவர், விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர் என்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் உவமையாகக் கூறியிருக்கிறார்கள். என் முழங்கால் வலிக்காக நான் மாட்டிய கெட்டிலும் அத்தகைய ஓட்டையே. மேலே உறங்கும் குழந்தைகளுக்கு அந்தத் தேநீரில் பங்கு ஏது?

நம் சிங்கப்பூர் இதை அனுபவத்தில் அறிந்த ஊர். 1961 மே 25-ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாளன்று, புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீயினால் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். தீ எதனால் தொடங்கியது என்பது உறுதியாகத் தெரியாமலே போயிற்று. நெருப்பு, தன் காரணத்தையும் சேர்த்தே எரித்துவிடும். வாடையாய் இருக்கும்போது தேடினால்தான் காரணம் அகப்படும். 1972 நவம்பர் 21-ஆம் நாள் ராஃபிள்ஸ் பிளேஸில் ராபின்சன்ஸ் பெருங்கடை எரிந்து ஒன்பது பேர் மாண்டார்கள். அதற்கு மின்சாரக் கோளாறே காரணமென்று விசாரணையில் தெரிந்தது.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்த செய்தி கேட்டு, நெருப்பு நமக்குப் பகை என்றும், உறங்குமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். சுண்டெலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடக் கூடும் என்று காரணத்தையும் விளக்கினார்கள். இதைக் கவனியுங்கள். வீட்டாரைக் குறை கூறவில்லை. விதி என்று விட்டுவிடவும் இல்லை. எலி, திரி, தீ என்று காரணத்தின் தடத்தைக் காட்டினார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்பதன் பொருளும் இதுவே. பிளக்கைப் பார்க்காமல் தவக்குல் பேசுவது தவக்குல் ஆகாது.

செய்ய வேண்டியவை

கருகல் வாடை வந்தால், முதலில் சாமான்களை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கே சூடாகவோ கறுத்தோ இருந்தால் அதைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணையுங்கள். புகையோ தீயோ கண்டால் எல்லோரையும் வெளியேற்றி 995-ஐ அழையுங்கள். மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றலாகாது.

வாடையின் தன்மையும் வழி காட்டும். சாக்கெட்டின் கெட்டிப் பிளாஸ்டிக் சூடேறினால் பெரும்பாலும் மீன் வாடை போலிருக்கும். வயரின் மேலுறை எரிந்தால் மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். மின்தடைக் காலத்துக்கென்று கம்ப்யூட்டரோடு வைக்கும் ஈய பேட்டரி கெட்டால் அழுகிய முட்டை நாறும். பழைய குழல்விளக்கின் சோக் கருகினால் தார் வாடை வரும். அது தலைக்குமேல் இருப்பதால் கீழேயிருக்கும் கம்ப்யூட்டரின் மேல் பழி விழும். கைப்பேசியோ மடிக்கணினியோ உப்பியிருந்தால் அதைச் சார்ஜ் செய்வதை உடனே நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். எந்நேரம் வந்தது, அந்நேரம் வேறு என்ன ஓடியது என்று குறியுங்கள். கெட்டில் போன்ற பெரும்பசிச் சாமான்களைச் சுவர்ச் சாக்கெட்டில் தனியாகவே மாட்டுங்கள். சுவர்ச் சாக்கெட்டை மாற்றுவது உரிமம் பெற்றவர் வேலை; அதில் சிக்கனம் வேண்டாம்.

சாக்கெட்டை மாற்றிய அன்று மாலையே, கடையாட்கள் எல்லோரையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னிலையில் அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். பழி சொன்னது நாலுபேர் முன்னால்; மன்னிப்பை மட்டும் தனியறையில் கேட்பது நியாயமாகாது. "பரவாயில்லை, முதலாளி" என்றான். சாக்கெட் மாற்ற ஒரு மணி நேரம்தான் ஆயிற்று. அவன் முன்போல் என்னோடு சிரித்துப் பேச ஒரு மாதத்திற்கு மேல் ஆயிற்று. கெட்டில் இப்போது பின்கட்டில் இருக்கிறது. வலியோடு நடந்துதான் போகிறேன்.

மனிதர்மீது நல்லெண்ணமும், பொருள்கள்மீது விழிப்பும், நம் குற்றத்தை நாமே தேடிக் காணும் துணிவும் நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.